தங்கையின் அணுக்கள்

ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற காரை ஓட்டி வந்தது யார் என்று தெரிந்ததும் மூத்தவள் வந்த வழியே உள்ளே திரும்பிவிட்டாள்.

கண்ணைப் பக்கவாட்டிலும் மறைக்கிற கறுப்புக் கண்ணாடி, தலையையும் கழுத்தையும் சுற்றிய துணி, முழங்கை வரை உறை. அந்தக் கோலத்திலேயே ஒளிச் சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் முன்னால் போய் நின்றாள்.

"வெளியே நிக்கிற ஆளோட நான் போக மாட்டேன்."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர்னு சொன்னாரே?"

"அதனாலதான் சொல்றேன்."

நர்ஸ் ஆஜானுபாகுவான பெண். குரலும் உடம்புக்கு ஏற்றபடி இருந்தது. "போன தடவை யாருக்கும் சொல்லாம பஸ் ஏறிப் போனீங்க. கன்னமெல்லாம் வெந்து வந்து நின்னீங்க. அந்த மருந்து உடம்புல இருக்கிற வரைக்கும் வெயில் உங்களுக்கு நெருப்பு. துணை இல்லாம உங்களை நான் வெளியே விடப்போறதில்ல. அவரோட போறீங்களா, இல்ல நாளைக்கு வரைக்கும் இந்த பெஞ்சுல படுத்துக்கறீங்களா?"

மூத்தவள் பெஞ்சைப் பார்த்தாள். அதில் இன்னொருவரின் மூட்டை இருந்தது. வேறு வழியில்லாமல் காரின் பின்கதவைத் திறந்து ஏறினாள். கண்ணாடிகளில் உள்பக்கமாகக் கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"எங்க போகணும் மேடம்?" என்றார் தங்கை கணவர், திரும்பிப் பார்க்காமல்.

வீடு எங்கே என்று அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் வாரம் தவறாமல் வந்து சாப்பிட்டுப் போன வீடுதான். தெரியாதவர் போலக் கேட்டார். மூத்தவளும் தெரியாதவரிடம் சொல்வதுபோலத் தெருவின் பெயரைச் சொன்னாள்.

இந்தப் பகை ஒரு துறைமுகத்தில் தொடங்கியது. மூத்தவள் அங்கே சரக்குப் பெட்டிகள் அடுக்கும் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவள் அதை வாயில் வைத்தால் தளம் முழுக்க வேலை நின்றுவிடும். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவளை விசிலம்மா என்பார்கள். தங்கை கணவர் அதே தளத்தில் பெரிய கிரேன் ஓட்டியவர். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஏணியில் ஏறும்போது அவரிடம் சாராய வாடை அடித்ததை மூத்தவள் கவனித்தாள். இறங்கச் சொன்னாள். "சும்மா இருங்க அண்ணி, ஒரே ஒரு பெட்டிதான்" என்று சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். அவள் விசிலை எடுப்பதற்குள் பெட்டி ஆடிவிட்டது. கீழே நின்று சைகை காட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு ஒரு கால் போயிற்று.

கோர்ட்டில் கேட்டார்கள். பார்த்ததையும் முகர்ந்ததையும் அவள் அப்படியே சொன்னாள். தங்கை கணவர் ஜெயிலுக்குப் போனார். இளையவள் கோர்ட் வாசலிலேயே அக்காவின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, "இன்னையோட நீ எனக்குச் செத்துட்டே" என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்த பிறகு அவருக்குக் கிரேன் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை. வாடகைக் கார் ஓட்டப் பல வருஷம் கழித்துத்தான் அனுமதி கிடைத்தது. இளையவள் ஒரு சலவைக் கடை வைத்தாள். ஒரே ஊரில் இருந்தும் அக்காவும் தங்கையும் எதிரெதிரே வந்தால் ஒருத்தி தெருவைக் கடந்துபோய்விடுவாள்.

பிறகு மூத்தவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்து கேட்கவில்லை. உடன்பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் மாற்றி வைக்கலாம் என்றார் டாக்டர். மூத்தவளுக்குக் கல்யாணம், பிள்ளை குட்டி என்று எதுவும் இல்லை. உடன்பிறந்தவள் ஒருத்திதான். "எனக்கு யாரும் இல்லன்னு எழுதிக்குங்க" என்றாள். டாக்டர் விடாமல் பேசி போன் நம்பரை வாங்கி, தானே இளையவளைக் கூப்பிட்டார்.

இளையவள் வந்தாள், சோதனைக்குக் கையை நீட்டினாள், பொருந்தியது, கொடுத்தாள். அக்கா படுத்திருந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நர்ஸிடம் மட்டும் ஒரு செய்தி சொல்லி அனுப்பினாள். "குடுத்துட்டேன். நன்றி கின்றின்னு என் வாசல்ல வந்து நின்னா விளக்குமாறு எடுப்பேன்னு சொல்லுங்க."

மூத்தவள் பிழைத்தாள். அவளுடைய ரத்த வகையே தங்கையின் வகையாக மாறிவிட்டது. ஆனால் சில மாதத்தில் தோல் சிவந்து, தடித்து, பலகை மாதிரி இறுகத் தொடங்கியது. வாய்க்குள் புண். கண்ணில் மணல் கொட்டினாற்போல எரிச்சல். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "உங்க உடம்புல இப்ப ஓடுற வெள்ளையணு எல்லாம் உங்க தங்கச்சியோடது. அதுக்கு உங்க உடம்பு அந்நியம். அதனால அடிக்குது."

மூத்தவள் வாய்ப் புண்ணோடு சிரித்தாள். "அவ வீட்டுல சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கா."

"மொத்தமா அடக்கிடவும் முடியாதும்மா. அதே அணுக்கள்தான் மிச்சம் மீதி புற்றையும் பிடிச்சு அழிக்குது. மருந்து குடுத்து அதைச் சுத்தமாப் படுக்க வச்சா புற்று எழுந்துக்கும். அளவா அடக்கணும். அதுக்குத்தான் இந்த லைட்."

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்தடுத்து இரண்டு நாள். நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து ஊசி போடுவார்கள். ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போகும். அது சுழற்றி வெள்ளையணுக்களை மட்டும் தனியே பிரிக்கும். அவற்றில் ஒளியை உறிஞ்சும் மருந்தைக் கலந்து, புற ஊதா விளக்குகளுக்கு நடுவில் ஓட்டி, மறுபடி உடம்புக்குள் அனுப்பும். மருந்து இருளில் சும்மா இருக்கும், ஒளி பட்டால்தான் வேலை செய்யும். அந்த ஒளியில் அடிபட்ட அணுக்கள் உள்ளே போய்ச் சாகும். அவை சாவதைப் பார்த்து மற்றவை அடங்கும் என்று நர்ஸ் விளக்கினாள். மருந்தின் மிச்சம் உடம்பில் இருக்கும் என்பதால் மறுநாள் வரை வெயில் ஆகாது. வண்டி ஓட்டக் கூடாது. கூட ஆள் வேண்டும்.

ஆள் இல்லாமல் பஸ்ஸில் போய் முகம் வெந்த கதையை, மஜ்ஜை கொடுத்தவர்களுக்கான பரிசோதனைக்கு வந்த இளையவளிடம் நர்ஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். இளையவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "நான் குடுத்ததை அவ வெயில்ல போட்டு வறுத்துக்கிட்டு இருக்கா. நீங்க போங்க. கொண்டுபோய் விடுங்க. அவகிட்ட ஒரு வார்த்தை பேச வேண்டாம்" என்றாளாம். இதை அவரே அந்த முதல் பயணத்தில் மூத்தவளிடம் சொன்னார். பேசக் கூடாது என்று சொன்னதைச் சொல்வதற்காகவே பேசினார்.

அன்று அவர் வண்டியைக் கிளப்பியதும் மூத்தவள் தன்னை அறியாமல் மூக்கை உறிஞ்சினாள். பின்பார்வைக் கண்ணாடியில் அவர் கண்கள் அதைப் பார்த்துவிட்டன.

"மோப்பம் பிடிச்சு முடிச்சாச்சா மேடம்? கிளம்பலாமா?"

"பழக்கம்" என்றாள்.

"உங்க பழக்கத்துக்கு நான் ஒரு தடவை விலை குடுத்துட்டேன்."

"நீங்க மட்டுமா குடுத்தீங்க? கீழே நின்னவன் கால் குடுத்தான்."

வண்டி அவள் வீட்டுத் தெருவில் நின்றது. இறங்கும்போது அவர் குடையை விரித்துக் கதவருகே பிடித்தார். அவள் குடையைத் தள்ளிவிட்டு நடக்கப் பார்த்தாள். "தள்ளாதீங்க. உங்களுக்காகப் பிடிக்கல. வெந்துபோச்சுன்னா வீட்டுல எனக்குத்தான் அர்ச்சனை" என்றார். குடை அவள் தலைக்கு மேலேயும், அவர் முகம் வேறு பக்கமுமாக வாசல்வரை நடந்தார்கள்.

இப்படியே மாதங்கள் போயின. ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது ஒரு முள் இருக்கும். அவர் வேண்டுமென்றே துறைமுகம் வழியாகச் சுற்றிப் போவார். அவள் வேண்டுமென்றே, "இந்தத் திருப்பத்துல இண்டிகேட்டர் போடணும்" என்பாள். ஒரு தடவை மூத்தவள் வண்டிக்குக் கூலியென்று பணத்தை முன் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். மறு தடவை வந்தபோது அது அதே இடத்தில், அதே மடிப்போடு இருந்தது. வெயில் பட்டு வெளுத்திருந்தது. அவள் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

ஆனால் தோல் இளகிக்கொண்டு வந்தது. கையை மடக்கிச் சட்டைப் பொத்தான் போட முடிந்தது. வாய்ப் புண் ஆறி, காரம் பட்டாலும் தாங்கியது. ஒருநாள் நர்ஸ், "இன்னையோட இந்தச் சுற்று முடியுது. தோல் நல்லா அடங்கிடுச்சு" என்றாள். கீழே வண்டியில் காத்திருந்தவருக்கும் அது தெரியும். காலையில் ஏறும்போதே, "இன்னையோட உங்களுக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை. எனக்கு இது ரெண்டாவது தடவை" என்று சொல்லியிருந்தார்.

ரத்தம் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல செய்தி என்றால் அவர் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போகிறவர்.

"போன வாரம் எடுத்த மஜ்ஜையைச் சோதிச்சோம். அணுக்களுக்கு ஒளிரும் சாயம் ஏத்தி, ஒண்ணொண்ணா லேசர் வெளிச்சத்துக்கு முன்னால ஓடவிடுவோம். நல்லது ஒரு மாதிரி மின்னும், புற்று வேற மாதிரி மின்னும். மைக்ராஸ்கோப்புல கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் அது காட்டிக்குடுத்துடும்."

"காட்டிக்குடுத்துடுச்சா?"

"கொஞ்சம்தான் இருக்கு. இப்பவே பிடிச்சுட்டோம். உங்க தங்கச்சி இன்னொரு தடவை வெள்ளையணு குடுத்தாங்கன்னா, அதை உங்களுக்கு ஏத்தி இதை அடிச்சுடலாம். தோல் மறுபடி சிவக்கலாம். சிவந்தா லைட் இருக்கு. நான் அவங்ககிட்ட பேசறேன்."

"பேசாதீங்க."

"அம்மா…"

"அவ ஒரு தடவை குடுத்ததே போதும். ரெண்டாவது தடவை அவகிட்ட கையேந்துற நிலைமை எனக்கு வேண்டாம். பேசினீங்கன்னா நான் இந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டேன்."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் தங்கையின் முகத்தில் அந்தச் செய்தி எப்படி விழும் என்று நினைத்தபோது சாவு அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

வண்டியில் ஏறியதும், "இனி நீங்க வர வேண்டியதில்ல" என்றாள்.

"அதான் தெரியுமே. முடிஞ்சுபோச்சு."

"முடியல. புற்று திரும்பி வந்திருக்கு. இனி நான் எதுக்கும் வரப்போறதில்ல. உங்க வீட்டுல சொல்ல வேண்டாம்."

வண்டி கிளம்பியது. கறுப்புத் துணிக்கு இடையில் தெரிந்த கீற்றில், வழக்கமாகத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் நேரே போவதை மூத்தவள் பார்த்தாள்.

"எங்க போறீங்க?"

அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"வண்டியை நிறுத்துங்க."

உடனே நிறுத்தினார். ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "இறங்குங்க. உச்சி வெயில். குடை என்கிட்ட இருக்கு."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா. அன்னைக்கு உங்க கையில விசில் இருந்துச்சு. இன்னைக்கு என் கையில வண்டி இருக்கு."

வெளியே தார் ரோடு கண்ணைக் கூசவைத்தது. அவள் கதவுப் பிடியில் கை வைத்தாள், எடுத்தாள். வண்டி மறுபடி நகர்ந்தது.

சலவைக் கடை ஒரு குறுகிய தெருவின் நடுவில் இருந்தது. வாசலில் கண்ணாடிக் கதவு. உள்ளே நீராவி இஸ்திரியின் சூடும் ஈரத் துணியின் வாடையும். இளையவள் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு பெருத்திருந்தது. முன்நெற்றியில் நரை. அக்காவைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேலேயே வைத்துவிட்டாள்.

"இவளை எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?" என்று கணவரிடம் கேட்டாள்.

"புற்று திரும்பி வந்திருக்கு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. சொல்லிட்டேன்" என்றவர் கண்ணாடிக் கதவின் திரையை வெயிலுக்கு மறைவாக இழுத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சட்டையிலிருந்து புகை வந்தது. இளையவள் பெட்டியைத் தூக்கினாள். காலரில் பழுப்பாக ஒரு கறை. "வந்ததும் ஒண்ணைக் கெடுத்தாச்சு" என்றாள். பிறகு, "என்ன வேணுமாம்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மூத்தவள். "நானா வரல. இவர் தூக்கிட்டு வந்தார்."

"டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டேன்."

"உன்கிட்ட இருந்து இன்னும் கொஞ்சம் வாங்கணுமாம். நான் வேண்டாம்னுட்டேன்."

"யாரைக் கேட்டு வேண்டாம்னே? உள்ள இருக்கிறது என்னோடது. அதை வேண்டாம்னு சொல்ல நீ யாரு?"

"உன் தயவுல இன்னொரு தடவை பிழைக்கணும்னு எனக்குத் தலையெழுத்தில்ல. அதுக்காகக் கோர்ட்டுல சொன்னது பொய்யின்னு சொல்லணும்னு நீ நினைச்சா, சொல்ல மாட்டேன். இவரு குடிச்சிருந்தார். நான் இறங்கச் சொன்னேன். இவரு ஏறினார். இப்ப கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

சுவரோரம் நின்றவர் தரையைப் பார்த்தார்.

இளையவள் மேசையைச் சுற்றிக்கொண்டு அக்காவின் எதிரில் வந்து நின்றாள். "அது பொய்யின்னு நான் என்னைக்குச் சொன்னேன்? குடிச்சிருந்தார்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு ராத்திரி அந்தச் சட்டையைத் துவைச்சவ நான். கோர்ட்டுக்கு முந்தின நாள் எங்க வந்தே நீ? என் வீட்டுக்கு. என் கையால சாப்பிட்டே. தட்டைக் கழுவி வச்சே. போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனே. மறுநாள் சாட்சிக் கூண்டுல நிக்கிறே. முந்தின நாள் ஒரு வார்த்தை, 'நான் நாளைக்கு இதைச் சொல்லப்போறேன்டி'ன்னு ஒரு வார்த்தை சொன்னியா? நான் மத்தவங்களோட மத்தவளா பெஞ்சுல உக்காந்து கேட்டேன்."

மூத்தவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது. அது நோயின் சிவப்பா வேறா என்று தெரியவில்லை.

"சொல்லத்தான் வந்தேன்" என்றாள். "சொன்னா நீ அழுவே. நீ அழுதா மறுநாள் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சின்ன வயசுல இருந்து நீ அழுது நான் எதை மறுத்திருக்கேன்? கால் போனவனுக்கு என்னைத் தவிர சாட்சி கிடையாது. அதான் சாப்பிட்டுட்டு எழுந்து போய்ட்டேன்."

"அப்ப என்னை விட்டுட்டு அவன் பக்கம் போய்ட்டே."

"ஆமா."

"இப்பவும் தப்புன்னு சொல்ல மாட்டே."

"மாட்டேன்."

இளையவள் கருகிய சட்டையை எடுத்து உருட்டி மூலையில் எறிந்தாள். அது அக்காவின் தோளைத் தாண்டிப் போய் விழுந்தது. "கண்ணாடியைப் போடு. வாசல்ல வெளிச்சம் வருது" என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "எந்த நாள் வரணும்னு ஆஸ்பத்திரியில கேட்டுக்குங்க. கடைக்கு லீவு விடணும். இவகிட்ட கேக்காதீங்க, இவ பேச்சுக்கு நான் வரல" என்றாள்.

மூத்தவள் வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் பின் இருக்கையில் படுத்துக்கொண்டாள். பள்ளம் வந்த இடங்களில் வண்டி மெதுவாகிப் போனது.

இளையவள் சொன்ன நாளில் வந்தாள். இரண்டு கையிலும் ஊசியோடு இயந்திரத்தின் பக்கத்தில் மதியம்வரை படுத்திருந்தாள். மூக்கு அரித்தபோது நர்ஸைக் கூப்பிட்டுச் சொறியச் சொன்னாளாம். அவளுடைய வெள்ளையணுக்கள் மங்கிய மஞ்சள் நிறத்தில் ஒரு பையில் மாடி ஏறிப் போய், மூத்தவளின் கையில் இறங்கின. இடையில் ஒரு தளம் இருந்தது. யாரும் ஏறிப் பார்க்கவில்லை, இறங்கியும் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்னபடியே தோல் மறுபடி சிவந்தது. முதுகு முழுக்க எரிந்தது. மூத்தவள் ராட்சசி என்று தங்கையைத் திட்டிக்கொண்டே ஒளிச் சிகிச்சைக்குப் போய்வந்தாள். திட்டியதெல்லாம் வண்டி ஓட்டியவர் வழியாகச் சலவைக் கடைக்குப் போனது. அங்கிருந்தும் பதில் வந்தது. "எரியட்டும். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்."

மழைக்காலம் முடியும்போது மறுபடி மஜ்ஜையை எடுத்து லேசர் முன்னால் ஓடவிட்டார்கள். இந்தத் தடவை டாக்டர் நின்றுகொண்டே சொன்னார். வேறு மாதிரி மின்னுவது ஒன்றுகூட இல்லை. தன் பரிசோதனைக்காக வந்திருந்த இளையவளும் அதே அறையில் இருந்தாள். நர்ஸ் இருவரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டிருந்தாள். வேண்டுமென்றே செய்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

"இனி இவளுக்கு என்கிட்ட இருந்து ஒண்ணும் வேண்டாம்தானே?" என்று இளையவள் டாக்டரிடம் கேட்டாள்.

"இப்போதைக்கு வேண்டாம்."

"இப்போதைக்குன்னா?"

"அவ கேக்கிறது, கடையை எத்தனை நாள் மூடணும்னு" என்றாள் மூத்தவள் டாக்டரிடம்.

"என் கடையைப் பத்தி இவ பேச வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள் இளையவள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். இளையவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். மூத்தவளின் இடது கை வெளியே தெரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே தோல் இன்னும் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. இளையவள் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள்.

"எண்ணெய் தடவுறதில்லையா?"

"தடவுறேன்."

"தடவுற லட்சணம் தெரியுது" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமல் போனாள்.